அரிட்டாபட்டி டங்ஸ்டன் ஏலம்: கிராம சபை எங்கே நின்றது?

2024 நவம்பர் 7 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் சில கனிமத் தொகுதிகளின் ஏல முடிவை அறிவித்தது. அதில் ஒன்று ‘நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி’. மதுரை மாவட்டம், மேலூர் வட்டாரம். பரப்பு 2,015.51 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறத்தாழ 5,000 ஏக்கர். ஏலத்தில் தேர்வானது வேதாந்தா குழுமத்தைச் சேர்ந்த ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். நாயக்கர்பட்டி என்று சொன்னால் மேலூர்க்காரருக்குத் தெரியும், வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஆனால் அந்த எல்லைக்கோட்டுக்குள் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் இருந்தன. அரிட்டாபட்டி யாருக்கும் தெரியாத ஊர் இல்லை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக மாநில அரசு அறிவித்த இடம் அது. மலையில் 2,200 ஆண்டு பழைய தமிழி கல்வெட்டு, சமணப் படுக்கைகள், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில் எல்லாம் உண்டு. 250 வகைப் பறவைகள், அவற்றில் லகர் வல்லூறும் ராசாளியும் உண்டு என்று அரசு அறிவிப்பே சொல்கிறது. ஏலப் பட்டியலில் ‘அரிட்டாபட்டி’ என்று தேடினால் ஒன்றும் கிடைத்திருக்காது. யாராவது வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. புவியியல் ஆய்வுத் துறை தொகுதிக்குப் பெயர் வைக்கும் வழக்கமே அப்படித்தான். ஆனாலும் விளைவு என்னவோ ஒன்றுதான். ஏலம் முடிந்த பிறகுதான், செய்தி வழியாகத்தான், தங்கள் ஊர் அந்த வரைபடத்துக்குள் இருப்பது அரிட்டாபட்டிக்காரர்களுக்குத் தெரிய வந்தது.

இரண்டரை மாதம் கழித்து, 2025 ஜனவரி 23-ல், அந்த ஏலத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. மக்கள் பங்கேற்பு வென்றது என்று எல்லோரும் எழுதினார்கள். வென்றது உண்மைதான். ஆனால் எந்த வழியில் வென்றது என்று கூர்ந்து பார்த்தால் அவ்வளவு நிம்மதியாக இருக்காது. இந்த ஆய்வு அதைப் பற்றித்தான்.

கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு

முதலில் கிராம சபை என்றால் நடைமுறையில் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஒரு ஆகஸ்ட் 15-ல் நான் உட்கார்ந்திருந்த கூட்டம். பள்ளிக்கூட வாசலில் ஷாமியானா, கீழே ஜமுக்காளம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் முக்கால்வாசிப் பேர். அவர்கள் வராவிட்டால் கோரம், அதாவது கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேராது என்பது ஊருக்கே தெரியும். கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்பே ஒரு நீள நோட்டு வரிசையாகக் கை மாறி வந்தது. பெயர், கையெழுத்து அல்லது கைநாட்டு. ‘தீர்மானம் எங்கே?’ என்று கேட்டேன். ‘அது பின்னாடி எழுதிக்குவோம், நீங்க போடுங்க’ என்றார் பக்கத்திலிருந்தவர். வரவு செலவு வாசிக்கப்பட்டது, குடிநீர்க் குழாய் பற்றி ஒரு சண்டை நடந்தது, டீ வந்தது. தீர்மான நகல் கேட்டு மூன்று திங்கட்கிழமை அலைந்தேன். மூன்றாவது முறை ‘நோட்டு ஆடிட்டுக்குப் போயிருக்கு’ என்று பதில் கிடைத்தது. அதோடு விட்டுவிட்டேன்.

சட்டத்தில் கிராம சபை இப்படி இல்லை. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். முன்பு ஆண்டுக்கு நான்கு கூட்டம்; 2022-லிருந்து ஆறு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

2024-ல் தீபாவளியை ஒட்டி வந்த நவம்பர் 1 கூட்டம் நவம்பர் 23-க்குத் தள்ளிப்போனது. இந்த ஒத்திவைப்புதான் இந்தக் கதையில் யாரும் பேசாத அதிர்ஷ்டம். குறித்த தேதியிலேயே கூட்டம் நடந்திருந்தால் ஏல முடிவு அப்போது வந்திருக்கவே இல்லை. அடுத்த வழக்கமான கூட்டம் ஜனவரி 26. நடுவில் சிறப்புக் கூட்டம் கூட்டச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு ஒரு தனிப் போராட்டம் நடத்தியிருக்க வேண்டும். தேதி தள்ளிப்போனதால் ஏலச் செய்தி வந்த பதினாறாம் நாள், மேலூர் வட்டாரத்து ஊராட்சிகளில் கிராம சபை கூடியது. அரிட்டாபட்டியும் சுற்றியிருந்த ஊராட்சிகளும் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம், ஏலத்தை ரத்து செய், இந்தப் பகுதியைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவி என்று தீர்மானம் போட்டன. அன்று யாரும் கோரத்துக்காக ஆள் பிடித்திருக்க மாட்டார்கள்.

அதே தொகுதியால் பாதிக்கப்படும் அ.வல்லாளபட்டி ஒரு பேரூராட்சி. அங்கே கிராம சபையே கிடையாது. போராட்டத்தின் முன்வரிசையில் நின்ற ஊர்களில் ஒன்றுக்கு, சட்டம் கொடுத்த அந்த நோட்டுகூட இல்லை!

மக்களைக் கேட்பது எந்தக் கட்டத்தில்?

இந்தத் தீர்மானங்கள் மத்திய சுரங்கத் துறையைச் சட்டப்படி கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது. இதைப் புரிந்துகொள்ள ஒரு கனிமத் தொகுதி பூமிக்கு அடியிலிருந்து ஏல மேடைக்கு வரும் பாதையைப் பார்க்க வேண்டும்.

2023 ஆகஸ்டில் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் திருத்தப்பட்டது. டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் அதன் மூலம் முழுக்க மத்திய அரசின் கைக்குப் போனது. ஏலத் தொகையும் உரிமத் தொகையும் மாநிலத்துக்கே வரும், ஏலம் முடிந்த பிறகு உரிமக் காகிதம் கொடுப்பதும் மாநிலம்தான். ஆனால் எந்த இடத்தை ஏலம் விடுவது என்பதை டெல்லி முடிவு செய்யும். தமிழ்நாட்டின் நீர்வளத் துறை அமைச்சர் துரைமுருகன் இதை எதிர்த்து 2023 அக்டோபர் 3-ல் கடிதம் எழுதினார். நவம்பர் 2-ல், முடியாது என்ற பொருளில் பதில் வந்தது. பிற்பாடு இரண்டு அரசும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டன. 2024 பிப்ரவரியில் நில விவரங்களைக் கொடுத்ததே மாநில அரசுதான், ஏல முடிவு வரும்வரை அவர்கள் எதிர்ப்பே சொல்லவில்லை என்றது மத்திய அரசு. பல்லுயிர் மரபுத் தலம் உள்ளே இருப்பதை அப்போதே சொன்னோம், அதையும் மீறி ஏலம் விட்டார்கள் என்றது மாநிலம். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? நிலத்தின் மேல் உட்கார்ந்திருப்பவர்களிடம் தகவல் சொன்னோம் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை.

சட்டப்படி மக்களை எப்போது கேட்பார்கள்? ஏலம் முடியும். எடுத்த நிறுவனம் முதலில் துளை போட்டு ஆய்வு செய்யும். கனிமம் தேறினால் சுரங்கக் குத்தகைக்குப் போகும். அப்போது சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதற்கு 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி ஒரு தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாராகும். அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பது நிறுவனம்தான். வரைவு அறிக்கை வந்த பிறகு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 30 நாள் முன்னறிவிப்போடு ஒரு பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும். மாவட்ட ஆட்சியரோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரியோ தலைமை வகிப்பார். வீடியோ எடுப்பார்கள். கூட்டத்துக்குக் கோரம் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் கூட்டம்தான், பத்தாயிரம் பேர் எதிர்த்தாலும் ‘எதிர்ப்பு பதிவு செய்யப்பட்டது’தான். எதிர்ப்பு இவ்வளவுக்கு மேல் போனால் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்று எந்த வரியும் இல்லை.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தெரியும். மேடைக்கும் மக்களுக்கும் நடுவில் தடுப்புக் கம்பு, இரண்டு வரிசை போலீஸ். நிறுவனத்து அதிகாரி ப்ரொஜெக்டரில் ஸ்லைடு காட்டுவார். பேச டோக்கன். டோக்கன் வாங்கியவர்களில் முதல் இருபது பேர் எப்படியோ திட்டத்தை வரவேற்பவர்களாகவே இருப்பார்கள். ஊர்க்காரர் மைக்கைப் பிடிக்கும்போது மணி மூன்றாகியிருக்கும்.

ஆக, சட்டம் மக்களுக்காகக் கதவைத் திறப்பது நிறுவனம் பணத்தைப் போட்டு, ஆய்வு முடித்து, அறிக்கையும் எழுதி முடித்த பிறகு. அரிட்டாபட்டிக்காரர்கள் அந்தக் கதவு திறக்கும்வரை காத்திருக்கவில்லை. அந்த வட்டாரத்துக்குப் பழைய பாடம் ஒன்று உண்டு. கிரானைட் மேலூரை என்ன செய்தது என்று அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். மலைகள் பெட்டி பெட்டியாக வெட்டப்பட்டு, கண்மாய்கள் கல் குப்பையில் மூடிப்போய், 2014-ல் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம் தலைமையில் உயர் நீதிமன்றம் விசாரணை ஆணையம் வைக்கும் அளவுக்குப் போனது. அரிட்டாபட்டி மலைக்கும் கிரானைட் குவாரி வந்தது. ஊர் எதிர்த்து நின்று தடுத்தது. அதனால்தான் மலை இன்னும் மலையாக இருக்கிறது. அந்த வேலையைச் செய்த கைகள் 2024-லும் ஊரில் இருந்தன. எதைப் படிக்க வேண்டும், யாருக்கு மனு போட வேண்டும், எந்த வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று முதல் நாளே தெரிந்த ஊர் அது. பக்கத்து மாவட்டத்தில் இதே ஏலம் விழுந்திருந்தால் மூன்று மாதம் விஷயத்தைப் புரிந்துகொள்ளவே போயிருக்கும்.

193 ஹெக்டேர்

போராட்டத்தின் நடுவே ஒரு சமரசம் வந்தது. இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான்.

மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது சுமார் 193 ஹெக்டேர். தொகுதியின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட வராது. டிசம்பர் 24-ல் மத்திய அரசு, அந்தப் பகுதியைக் கழித்துவிட்டு எல்லையை மறுவரையறை செய்ய முடியுமா என்று பார்க்கும்படி புவியியல் ஆய்வுத் துறையைக் கேட்டது. அதுவரை நிறுவனத்துக்கு ஒப்புதல் கடிதம் கொடுக்க வேண்டாம் என்று மாநிலத்திடமும் சொன்னது. காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். கோயில், கல்வெட்டு, வல்லூறு எல்லாம் உள்ளே பத்திரம். மிச்சத்தில் வேலை நடக்கட்டும்.

ஊர் இதை ஏற்கவில்லை. ஏன் என்று புரிய மேலூர்ப் பக்கத்து நீர் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும். பெரியாறு பாசனத்தின் கடைமடை அது. ஒருபோக நிலம். அணையில் தண்ணீர் திறந்தால் உண்டு, திறக்காவிட்டால் கண்மாய்தான். கழிஞ்சமலை, கழுகுமலை, தேன்கூட்டுமலை என்று அரிட்டாபட்டியைச் சுற்றி ஏழு மலைகள். மழை அந்தப் பாறையில் விழுந்து, வழிந்து, சுனையில் தங்கி, ஓடையாக இறங்கி ஒரு கண்மாயில் நிற்கும். அது நிறைந்தால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய். 72 கண்மாய்கள், 200 நீர்ச்சுனைகள், 3 தடுப்பணைகள் என்று மரபுத் தல அறிவிப்பிலேயே எண்ணிக்கை போட்டிருக்கிறார்கள். ஆனைகொண்டான் கண்மாய் பாண்டியர் காலத்தது. ஆக மலையைக் கோடு போட்டு ஒதுக்கிவிட்டு, அந்த மலைநீர் போய்ச் சேரும் நிலத்தைத் தோண்டினால் மலை பிழைக்கும், வயல் பிழைக்காது. கலிங்கு திறந்து பார்த்த எந்தச் சம்சாரியும் இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். எல்லைக்கோடு போட்ட மேசையில் அந்த வாக்கியம் இல்லை.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்ல வேண்டும். மரபுத் தலம் என்ற அறிவிப்புதான் இந்த ஊரைச் செய்தியாக்கியது. அது இல்லாவிட்டால் இது ‘மேலூர் அருகே சுரங்கம்’ என்று நான்காம் பக்கத்தில் முடிந்திருக்கும். அதே அறிவிப்புதான், ‘உங்கள் 193 ஹெக்டேரை விட்டுவிடுகிறோம், அப்புறம் என்ன?’ என்று கேட்கவும் வழி செய்தது. வல்லூறுக்கும் கல்வெட்டுக்கும் பாதுகாப்பு கேட்பது எளிது. நெல்லுக்கும் ஆட்டு மந்தைக்கும் அந்த மாதிரி அறிவிப்பு எதுவும் கிடையாது. இனி எந்த ஊர்க்காரர்கள் மரபுத் தலம் கேட்டாலும், எல்லைக்கோட்டை எங்கே போடுகிறார்கள் என்று முதலில் பார்க்கச் சொல்வேன்.

தெருவும் நாடும்

கிராம சபைத் தீர்மானம் நவம்பர் 23. முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் நவம்பர் 29. சட்டமன்றத்தில் தனித் தீர்மானம் டிசம்பர் 9. ஊராட்சி நோட்டில் எழுதியது பதினாறே நாளில் சட்டமன்றத் தீர்மானமாக மாறியது. தான் முதலமைச்சராக இருக்கும்வரை சுரங்கத்தை அனுமதிக்கப் போவதில்லை என்றார் ஸ்டாலின். பத்து மாதமாக ஏன் பேசவில்லை என்று எதிர்க்கட்சி கேட்டது. சட்டத் திருத்தத்தை நாடாளுமன்றத்தில் ஆதரித்தது யார் என்று ஆளுங்கட்சி திருப்பிக் கேட்டது. அந்தச் சண்டையால் ஊருக்கு நன்மைதான். யாரும் பின்வாங்க முடியாத நிலை வந்துவிட்டது.

ஆனால் ஏலத்தை அசைத்தது சட்டமன்றம் மட்டும் இல்லை. 2025 ஜனவரி 7-ல் மேலூரில் கடைகள் அடைக்கப்பட்டன. நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நோக்கிப் பல்லாயிரக்கணக்கானோர் நடந்தார்கள். டிராக்டர், வேன், இருசக்கர வாகனமும் உண்டு, பெரும்பாலானோர் நடந்தே. வழியில் போலீஸ் தடுத்தும் நடை நிற்கவில்லை. மாநில அரசின் சட்டமன்றம் இதே கோரிக்கையை ஏற்றிருந்தது. மாநில அரசின் காவல்துறை நடந்தவர்கள் மேல் வழக்குப் போட்டது. ஏலம் ரத்தான பிறகு, 11 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மேலிருந்த வழக்குகளை அரசே திரும்பப் பெற்றது.

இவ்வளவு பேரை எப்படித் திரட்டினார்கள்? மேலூர்ப் பக்கம் ‘நாடு’ என்ற பழைய அமைப்பு உயிரோடு இருக்கிறது. பல கிராமம் சேர்ந்தது ஒரு நாடு, அதற்குத் தலைவர்களாக அம்பலக்காரர்கள். மஞ்சுவிரட்டும் மாசித் திருவிழாவும் எந்தத் தேதி என்று தீர்மானிக்கும் அதே மந்தையில், அதாவது ஊர்ப் பொதுவிடத்தில், வெற்றிலை பாக்கு வைத்து, ‘வீட்டுக்கு ஒரு ஆள்’ என்று முடிவெடுத்தால் வீட்டுக்கு ஒரு ஆள் வருவார். எந்தக் கட்சிக்கும் அந்த வலு இல்லை. வியாபாரிகள், விவசாயச் சங்கங்கள், மற்ற சாதியினர், பெண்கள் என்று எல்லோரும் பின்னால் சேர்ந்தார்கள் என்றாலும், முதுகெலும்பு அந்த அமைப்புதான்.

அதைக் கொண்டாடுகிறவர்கள் மேலவளவை மறந்துவிடுகிறார்கள். அதுவும் மேலூர் வட்டம்தான். ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதைப் பொறுக்காமல், 1997 ஜூன் 30-ல் தலைவர் முருகேசனையும் மேலும் ஐந்து பேரையும் பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்ற ஊர். உள்ளாட்சி ஜனநாயகத்துக்குக் கொடுக்கப்பட்ட விலை இந்த வட்டாரத்தில் அது. மந்தையில் எடுக்கும் முடிவில் யார் உட்கார்ந்து பேசுகிறார்கள், யார் ஓரத்தில் நிற்கிறார்கள் என்று கேட்காமல் ‘மக்கள் பங்கேற்பு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கிராம சபையின் அருமை அங்கேதான். அந்த ஜமுக்காளத்தில், நோட்டில் பெயர் எழுதும்போதாவது எல்லோரும் வாக்காளர்கள். டங்ஸ்டன் போராட்டத்துக்கு இரண்டும் வேண்டியிருந்தது: தீர்மானத்துக்குச் சபை, கூட்டத்துக்கு நாடு.

இன்னொரு தேதிப் பொருத்தத்தையும் பாருங்கள். மதுரை உட்படப் பெரும்பாலான மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளுடைய பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. ஜனவரி 7-ல் தல்லாகுளத்துக்கு நடந்தபோது அரிட்டாபட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கிடையாது, தனி அலுவலர்தான். நவம்பர் கூட்டம் ஜனவரிக்குத் தள்ளிப்போயிருந்தால் தீர்மானத்தை முன்மொழிந்திருக்க வேண்டியது ஓர் அரசு அதிகாரி.

ஜனவரி 22-ல் ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லியில் சுரங்க அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தார்கள். மறுநாள் ரத்து அறிவிப்பு. 26-ஆம் தேதி முதலமைச்சர் அரிட்டாபட்டிக்கே வந்தார். பாராட்டு வாங்க இரண்டு பக்கமும் போட்டி. சரி, இருக்கட்டும். ஊருக்கு ஏலம் போனால் போதும்.

நியமகிரியும் ஏகனாபுரமும்

இதே குழுமத்துக்கும் கிராம சபைக்கும் இது முதல் சந்திப்பு இல்லை. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட் எடுத்து, அடிவாரத்து லாஞ்சிகர் ஆலைக்குக் கொண்டுபோகும் திட்டம் அது. மலையே எங்கள் நியமராஜா என்றார்கள் டோங்ரியா கோந்த் மக்கள். 2010 ஆகஸ்டில், மத்திய அரசு அமைத்த சக்சேனா குழுவின் அறிக்கைக்குப் பிறகு, அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வன அனுமதியை மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18 தீர்ப்பில், வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுகிறதா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது நீதிமன்றம். மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள நீதித்துறை அதிகாரி பார்வையாளராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

மலையில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்கள். மாநில அரசு தேர்ந்தெடுத்ததோ 12. அதிலேயே சர்ச்சை. 2013 ஜூலை 18-ல் செர்க்கபாடியில் முதல் கூட்டம், ஆகஸ்ட் 19-ல் ஜரப்பாவில் கடைசி. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்தை நிராகரித்தது. 2016-ல் மறுபடியும் கிராம சபை நடத்தக் கேட்டுப் போன ஒடிசா சுரங்கக் கழகத்தை உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது.

நியமகிரியில் கிராம சபை சொன்னது ஏன் செல்லுபடியானது? இரண்டு சட்டங்கள் பின்னால் இருந்தன: அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் வரும் பழங்குடிப் பகுதிகளுக்கான 1996 பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம், 2006 வன உரிமைச் சட்டம். கேள்வி கேட்டது நீதிமன்றம், பதிலை எழுதி எடுத்தது நீதிபதி. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி கிடையாது. அரிட்டாபட்டிப் பக்கம் அதிகமும் பட்டா நிலமும் மலையும் கண்மாயும்தான். ஆகவே ஒரே மாதிரித் தீர்மானம் அங்கே பதில், இங்கே மனு.

மனு என்றால் வாங்குகிறவர் மனசுதான் எல்லாம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏகனாபுரத்தைப் பாருங்கள். 2022 ஆகஸ்டில் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டதிலிருந்து அந்த ஊர் கிராம சபை திரும்பத் திரும்ப எதிர்ப்புத் தீர்மானம் போட்டிருக்கிறது. அங்கேயும் ஏரி, அங்கேயும் நெல், பரப்பும் அதே மாதிரி, 5,000 ஏக்கருக்கு மேல். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தே பார்த்துவிட்டார்கள். நில எடுப்பு நிற்கவில்லை. அரிட்டாபட்டித் தீர்மானத்தைச் சட்டமன்றம்வரை கொண்டுபோன அதே மாநில அரசுதான் பரந்தூரில் திட்டத்தைக் கொண்டுவருகிற தரப்பு. மேலூரில் எதிர்ப்பக்கம் டெல்லி, கூடவே 2018-ல் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதோடு சேர்த்துத் தமிழ்நாடு நினைவில் வைத்திருக்கும் ஒரு குழுமம். எந்தக் கட்சியாலும் அந்தப் பக்கம் போய் நிற்க முடியாது. ஏகனாபுரத்தில் எதிர்ப்பக்கம் சென்னை. தீர்மானத்தின் எடை வாசகத்தில் இல்லை, யாரை எதிர்த்துப் போட்டார்கள் என்பதில்தான் இருந்தது என்று நான் சொல்வது இதனால்தான்.

ரத்துக்குப் பிறகு

2025 செப்டம்பர் 8-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்கள், முக்கிய மற்றும் உத்திசார் கனிமங்களுக்கான சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு. பரப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் மதிப்பீடு டெல்லியில்தான் நடக்கும். சொல்லப்பட்ட காரணம் நாட்டின் பாதுகாப்பு, தொழில் தேவை. அந்தக் கனிமப் பட்டியலில் டங்ஸ்டனும் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் மசோதா இல்லை, வரைவு வெளியிட்டுக் கருத்துக் கேட்கவும் இல்லை. கருத்துக் கேட்பை எடுத்துவிடலாமா என்பதற்கே ஒரு கருத்துக் கேட்பு நடக்கவில்லை. தமிழ்நாட்டு முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிரதமருக்கு எழுதினார்.

தடுப்புக் கம்பு, டோக்கன், மூன்று மணி மைக் என்று மேலே நான் கிண்டல் செய்த அதே கூட்டம்தான் இப்போது போயிருக்கிறது. எவ்வளவு ஓட்டையாக இருந்தாலும், வரைவு அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் கொடுக்க நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தியது அதுதான். 30 நாள் முன்பே ஊருக்குச் சொல்ல வைத்ததும் அதுதான். அந்த அறிக்கையிலுள்ள பொய்க் கணக்கைப் பிடித்துத்தான் எத்தனையோ வழக்குகள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயின. இனி மேலூர் மாதிரி ஒரு தொகுதி ஏலத்துக்கு வந்தால் அந்த அறிக்கையைத் தமிழில் யாரும் ஊருக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

நான் இப்போதெல்லாம் ஒரு வேலை செய்கிறேன். புதிய கனிம ஏல அறிவிப்பு வந்தால் தொகுதியின் பெயரைப் படிப்பதில்லை. அறிக்கையின் பின்னால் எல்லைப் புள்ளிகள் அட்சரேகை, தீர்க்கரேகையாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்களை ஒவ்வொன்றாகக் கூகுள் வரைபடத்தில் போட்டு, எல்லைக்கோட்டை மூடி, உள்ளே எந்தெந்தக் கண்மாய் விழுகிறது என்று பார்க்கிறேன். ஒரு தொகுதிக்கு அரைமணி நேரம் ஆகிறது.